திறந்தால் பச்சை

மூன்றாவது மாடியில் குடியிருந்த பல்கலைக்கழக நூலகக்காரிக்குக் கட்டடம் வைத்த பெயர் ஆதாரம். வெந்நீரில் எலுமிச்சையைப் பிழிந்து குடித்தால் சிறுநீரகக் கல் கரையும் என்று போனில் வந்த சேதியை யாராவது லிஃப்டில் வாசித்துக் காட்டினால் போதும், ஆதாரம் என்ன என்று கேட்டுவிடுவாள். யார் எழுதியது, எப்போது எழுதியது, எழுதியவருக்கு அதில் என்ன லாபம் என்று அடுக்குவாள். லிஃப்ட் அவள் மாடியைத் தொடுவதற்குள் சேதியின் உயிர் போய்விடும். இரண்டாம் மாடித் தையல்காரி அவள் லிஃப்டுக்குள் நிற்பதைக் கண்டால், துணி மூட்டையோடு படியேறுவதே மேல் என்று திரும்பிவிடுவாள். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கு, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஆதாரம் கேட்டதுதான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது.

அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் ஹாரன் கேட்ட களைப்பில் வீட்டில் வாய் திறக்காதவர். அண்ணி நர்ஸ். இவளோ நூலகத்தில் தற்காலிக ஊழியராகச் சேர்ந்து, தற்காலிகமாகவே தலை நரைக்கத் தொடங்கியிருந்தவள்.

நூலகம் என்றவுடன் அலமாரியும் தூசியுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் வேலை கணினியில். மாணவர்கள் தங்கள் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனால் 'நம்பகமான தளங்கள்' என்று ஒரு பக்கம் திறக்கும். ஆய்வுக் கட்டுரைகள் இலவசமாக எங்கே கிடைக்கும், பழைய ஆய்வேடுகளை எங்கே பார்க்கலாம், புள்ளிவிவரங்களுக்கு யாரை நம்பலாம், அடிக்குறிப்பு எப்படி எழுதுவது, மொழிப்பிழை பார்க்க எங்கே போவது என்று எல்லாம் அதில் உண்டு. அந்தப் பக்கத்தைப் பெற்று, பெயரிட்டு, வளர்த்தவள் அவள்தான். ஆரம்பத்தில் ஒவ்வொரு தளத்தையும் தானே திறந்து, மூலைமுடுக்கெல்லாம் படித்து, லிஃப்டில் கேட்கும் அதே கேள்விகளைக் கேட்ட பிறகுதான் உள்ளே விடுவாள். பெண் கொடுக்கிற வீட்டை விசாரிப்பதுபோல விசாரிப்பாள்.

பக்கம் பெருத்துவிட்டது. இருநூறைத் தாண்டிய தளங்களை ஒருத்தி எத்தனை முறை எட்டிப்பார்க்க முடியும்? கணினிப் பிரிவு ஒரு சின்ன நிரலை எழுதிக் கொடுத்தது. அது வாரா வாரம் ஒவ்வொரு தளத்தின் கதவையும் தட்டிப்பார்க்கும். திறந்தால் பக்கத்தில் பச்சைப் புள்ளி. திறக்காவிட்டால் சிவப்பு. திங்கட்கிழமை காலையில் அவள் சிவப்புகளை மட்டும் பார்த்துச் சரிசெய்வாள். பச்சையைப் பார்க்கமாட்டாள். நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு வைத்தியம்? கதவு திறந்தது என்றுதான் அந்த நிரல் சொன்னது. யார் திறந்தது என்று அதற்குத் தெரியாது. கேட்டே பழகியவள் அதனிடம் மட்டும் கேட்கவில்லை.

அண்ணிக்கு முதுகு போய்விட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இராப்பணி பார்த்துப் பார்த்து, குனிந்தால் நிமிர ஆள் வேண்டும் என்கிற நிலை. நர்சிங் பள்ளியில் கற்றுக்கொடுக்கும் வேலை ஒன்று இருந்தது. உட்கார்ந்து செய்கிற, பகலில் செய்கிற வேலை. முதுகலைப் பட்டம் கையில் இருந்தால் வரும் பருவத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்று அங்கிருந்த முதல்வர் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் ஐம்பதை நெருங்குகிற வயதில், நாத்தனார் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்திலேயே, மகள் வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்து படித்தாள். பாடங்களெல்லாம் முடிந்து ஆய்வேடு மட்டும் பாக்கி. மருந்து கொடுப்பதில் தவறு நேர்ந்தால் நர்சுகள் ஏன் அதை மேலிடத்தில் சொல்வதில்லை என்பதுதான் தலைப்பு. தன்னோடு வேலை பார்த்தவர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசவைத்தாள். அதற்கு எத்தனை டீ வாங்கிக்கொடுத்தாள் என்பது ஆஸ்பத்திரி கேன்டீனுக்குத்தான் தெரியும்.

முதல் அத்தியாயத்தில் எங்கோ ஓர் இணையதளத்தில் பார்த்ததை எடுத்துப் போட்டுவிட்டாள். ஆய்வை மேற்பார்வை செய்கிற கைடு அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டமிட்டு, இது யார் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரா என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அண்ணி அன்று சமையலறையில் பாத்திரத்தோடு சேர்த்து மூக்கையும் தேய்த்துக்கொண்டு நின்றாள். ஆதாரத்துக்குப் பொறுக்கவில்லை. கையைத் துடைக்கச் சொல்லி உட்காரவைத்து, தன் பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

"இதுல இருந்து மட்டும் எடுங்க அண்ணி. இதைத் தாண்டி வெளிய காலே வைக்காதீங்க."

நர்சிடம் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே செய்வாள். மருந்துச் சீட்டில் எழுதியதற்கு மேல் ஒரு சொட்டும் போகாது, கீழேயும் குறையாது. அன்றுமுதல் அண்ணி நாத்தனாரின் பக்கத்தை விட்டு வெளியே காலே வைக்கவில்லை.

அந்தப் பக்கத்தின் அடியில், 'சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை இங்கே சரிபாருங்கள்' என்ற வரிக்குக் கீழே 'எழுத்துத் துணை' என்று ஒரு தளம் இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்தியது. கொண்டுபோய்க் கொடுத்தால் பிழை திருத்தி, அடிக்குறிப்புக்குக் குட்டு வைத்து, பொறுமையாகத் திருப்பி அனுப்புவார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் ஆந்தை அதன் சின்னம். ஆசிரியர்களுக்கு வயதாகிவிட்டது. ஒருவர் தவறிவிட்டார், மற்றவருக்குக் கண் மங்கிவிட்டது. இணைய முகவரியைப் புதுப்பிக்க யாருக்கும் தோன்றவில்லை. காலியான முகவரியை யாரோ வாங்கி, பெயரையும் ஆந்தையையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே வேறு கடை விரித்துவிட்டார்கள். திங்கட்கிழமைதோறும் நிரல் போய்த் தட்டியது. கதவு திறந்தது. பச்சை.

சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருக்கும்போதே அண்ணி முழு ஆய்வேட்டையும் அதில் போட்டாள். முன்பெல்லாம் வாரக்கணக்கில் ஆகிற காரியம், ஒரு தும்மல் போடுவதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் எழுத்து தூய்மையானது, வாழ்த்துகள் என்றது ஆந்தை. அண்ணி அதைப் படம் எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். தையல்காரி அன்றுமுதல் அவளைப் புரொபசர் என்று கூப்பிட ஆரம்பித்தாள். கேலிதான், ஆனால் அண்ணிக்குப் பிடித்திருந்தது. கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள்.

சமர்ப்பித்துக் கொஞ்ச நாளில் அழைப்பு வந்தது. வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனாள். அங்கே மூன்று பேர் குழுவாக உட்கார்ந்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் ஒப்பீட்டு மென்பொருளில் போட்டுப் பார்த்தபோது, அவள் ஆய்வேட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு, வேறொரு பல்கலைக்கழகத்தில் யாரோ ஒருத்தி அவளுக்கு முன்பே சமர்ப்பித்த ஆய்வேட்டோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறதாம். ஆஸ்பத்திரியின் பெயரைத்தான் மாற்றியிருந்தார்கள். நர்சுகள் சொன்ன சொல்கூட மாறவில்லை. இதை நான்தான் எழுதினேன் என்றாள் அண்ணி. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்கள்.

வேறு எங்கே கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். யோசித்துவிட்டு ஆந்தையைச் சொன்னாள். அவர்கள் அங்கேயே திறந்து பார்த்தார்கள். சரிபார்ப்பது ஒரு பக்கம், தயார் ஆய்வேடு விற்பது மறுபக்கம் என்று கடை ஜோராக நடந்துகொண்டிருந்தது. குழுவின் தலைவி, புள்ளியியல் துறைப் பேராசிரியை, குரலை உயர்த்தாத மனுஷி. நீங்கள் அங்கே கொடுத்தீர்களா, அங்கேயிருந்து வாங்கினீர்களா, இரண்டுக்கும் வாசல் ஒன்றுதானே என்றார். அந்த இடத்துக்கு ஏன் போனீர்கள்?

"நம்ம லைப்ரரியோட 'நம்பகமான தளங்கள்' பக்கத்துலதாங்க இருந்துச்சு" என்றாள் அண்ணி.

அது உண்மையானால் விஷயமே வேறு, நூலகத்திடம் எழுதிக் கேட்கிறோம் என்றார் தலைவி. அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நூலகம் என்றால் யார்? வீட்டிலேயே இருக்கிறாளே.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஆதாரம் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். ஆந்தையைத் திறந்தாள். நிபந்தனைகள் என்ற பொடி எழுத்தில், இங்கே ஏற்றப்படுவது அனைத்தும் எங்களுக்குச் சொந்தம் என்று எழுதியிருந்தது. அண்ணி ஏற்றியதைத்தான் அந்தக் கடை முந்திக்கொண்டு வேறொருத்திக்கு விற்றிருந்தது. உள்ளே திரும்பி வந்து, பார்க்கிறேன் அண்ணி என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் தலைமை நூலகர் கூப்பிட்டார். வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவர். குழுவின் மின்னஞ்சல் அவர் திரையில் திறந்திருந்தது. திட்டுவார் என்று போனாள். அவர் திட்டவில்லை, நாற்காலி காட்டினார். முதலில் அந்த இணைப்பை எடுத்துவிடுங்கள், அப்புறம் பதில் எழுதுங்கள் என்றார். என்ன எழுத வேண்டும் என்றும் அவரே சொன்னார்: இன்றைய நிலவரப்படி எங்கள் பக்கத்தில் அப்படியொரு தளம் இல்லை.

அந்த மாணவி என் அண்ணி சார் என்றாள் ஆதாரம்.

மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போயிற்று. "இதை வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. நிரந்தரம் பண்றவங்க பேரு அடுத்த மாசம் போகுது. உங்க பேரும் அதுல இருக்கு." பிறகு, குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல, "பொய் எழுதச் சொல்லலியே நான்" என்றார்.

எழுதினாள். இணைப்பை எடுத்துவிட்டுக் கையெழுத்தும் போட்டாள். நிரந்தர வேலைக்கு ஆசைப்பட்டு அண்ணியின் கழுத்தை அறுத்தாள் என்று கட்டடம் பின்னால் பேசியது. கட்டடம் எப்போதும் பாதிதான் சரி. ஆசை இருந்தது, இல்லை என்று சொல்லமுடியாது. ஆனால் அண்ணி எப்படியும் தப்பித்துவிடுவாள் என்று அவள் உள்ளுக்குள் நம்பினாள். எழுதியவளிடம் பழைய பிரதிகள் இருக்கும், பேசிய ஒலிப்பதிவுகள் இருக்கும், கைடு இருக்கிறார். இந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும்?

முழுகியது. பழைய பிரதி எதுவும் இல்லை. ஒரு நோயாளிக்கு ஒரே குறிப்பேடு, இரண்டு வைத்தால் யாராவது தவறானதைப் பார்த்து ஊசி போட்டுவிடுவார்கள் என்பது அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் ஊறிய பழக்கம். அதனால் ஒரே கோப்பில்தான் எழுதினாள். திருத்தியதையெல்லாம் அதன் மேலேயே திருத்தினாள், பழையதை அழித்தாள். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதி முடித்ததும் அழித்துவிடுவேன் என்று நர்சுகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள், வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். வந்து சொல்லுங்கள் என்று இப்போது அவர்களைக் கூப்பிட்டால், நாங்கள் எதையும் சொல்லவே இல்லையே என்கிறார்கள். சொன்னது எல்லாம் அவரவர் செய்த தவறு அல்லவா! கைடுக்குப் பதினைந்து மாணவர்கள். நான் வாசித்தேன், நன்றாக இருந்தது, எங்கிருந்து வந்தது என்று எனக்கெப்படித் தெரியும் என்றார் அவர். நன்றாக இருந்ததே சந்தேகமாகப் போயிற்று.

குழுவின் இரண்டாம் அமர்வில் நூலகத்தின் பதிலை வாசித்தார்கள், கீழே இருந்த பெயரோடு.

அண்ணி வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆதாரம் பரிமாறிக்கொண்டிருந்தாள். அண்ணி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அது அங்க இருந்துச்சுதானே?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் இல்லன்னு எழுதின?"

"இல்லன்னு எழுதல அண்ணி. இன்னைக்கு இல்லன்னு எழுதினேன்."

அண்ணி கத்துவாள் என்று கீழ்வீட்டில் டிவியின் சத்தத்தைக்கூடக் குறைத்துவிட்டார்கள். அவள் கத்தவில்லை. வார்டில் காய்ச்சல் பார்க்கிற கண்ணோடு நாத்தனாரைப் பார்த்தாள்.

"நான் பேட்டி எடுத்தவங்க எல்லாரும் இப்படித்தான் பேசினாங்க. ஒருத்தர்கூட பொய் சொல்லல."

அண்ணன் தட்டைத் தள்ளிவைத்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி அவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமான வாக்கியத்தைக் கேட்டதில்லை: "பாப்பா, நாளைக்கு நீயே நேர்ல போயி, நடந்ததை நடந்தபடி அவங்ககிட்ட சொல்லிடு."

போனாள். வேலை போனால் போகட்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனாள். அந்தத் தீர்மானம் அவளுக்கு ஒருவகை நிம்மதியைக்கூடக் கொடுத்தது; பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, முதல்முறையாக நன்றாக மூச்சுவிட்டாள். குழு முன்னால் நின்று, இணைப்பு இருந்ததை, பச்சைப் புள்ளியை, எடுக்கச் சொன்னதை, எடுத்ததை எல்லாம் மென்று விழுங்காமல் சொன்னாள். சொல்லும்போதே, இது போதும், அண்ணி பிழைத்துவிட்டாள் என்று தோன்றியது.

தலைவி கடைசிவரை கேட்டார். இடையில் ஒரு குறிப்பும் எழுதிக்கொள்ளவில்லை என்பதை ஆதாரம் பிறகுதான் நினைத்துப்பார்த்தாள்.

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணி."

"ஒரே வீட்லதான் இருக்கீங்களா?"

"ஆமாங்க."

"அன்னைக்கு நீங்க எழுதினது ஆபீஸ்ல உக்காந்து வேலையா எழுதினது. இன்னைக்கு வீட்லேர்ந்து வந்து வேற சொல்றீங்க. என் இடத்துல நீங்க இருந்தா எதைம்மா எடுத்துப்பீங்க?"

கேள்வி சரியான கேள்வி. அவளாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள். லிஃப்டுக்குள் வைத்தே கேட்டிருப்பாள்.

பழைய பக்கம் எங்காவது பதிவாகியிருக்குமே என்று பார்த்தார்கள். கடவுச்சொல்லுக்குள் இருந்த பக்கம், வெளியே எந்தச் சேமிப்பிலும் ஏறவில்லை. கணினிப் பிரிவின் நகலும் நிரலின் பட்டியலும் பழையதன் மேல் புதியதாக ஏறி, இணைப்பு இல்லாத பக்கம்தான் மிச்சம் இருந்தது. தலைமை நூலகரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் மிட்டாயை விழுங்கிவிட்டு, ரொம்ப நல்ல ஊழியர், வீட்டில் கஷ்டம், பாசம் கண்ணை மறைத்துவிட்டது, இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அவர்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது. அண்ணியின் பதிவு ரத்தானது. நர்சிங் பள்ளியில் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆதாரம் சொன்னதை யாரும் நம்பாததால் அவள்மேல் குற்றமும் இல்லை. அடுத்த மாதம் நிரந்தர ஊழியர்களில் அவள் பெயர் வந்தது. தலைமை நூலகர் கைகுலுக்கினார். அவள் ராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோது, அவசரப்படாதீர்கள் என்று வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். அவள் திரும்பக் கேட்கவுமில்லை, இன்னொன்று எழுதவுமில்லை. கட்டடம் இதைத்தான் விடாமல் மென்றது. தையல்காரி புரொபசர் என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள். அது பெருந்தன்மையா, வேறேதாவதா என்று தெரியவில்லை. அண்ணிக்கு முன்னைவிடக் கூன் விழுந்துவிட்டது.

ஆதாரம் இருநூறு சொச்சம் பச்சைகளையும் கையால் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். மேலும் சில வீடுகளில் ஆள் மாறியிருந்தது. பக்கத்தின் தலையில் எச்சரிக்கை ஒன்று எழுதி ஏற்றினாள். மாணவர்கள் பீதியடைவார்கள் என்று சொல்லி அன்று மாலையே எடுக்கச் சொன்னார்கள்.

ஒருநாள் மதியம் விவசாயத் துறை மாணவி ஒருத்தி அவள் மேசைக்கு வந்தாள். தோளில் பை, கையில் பாதி கடித்த பிஸ்கட்.

"அக்கா, நம்ம பக்கத்துல ஒரு ஆந்தை இருக்குமே, எழுத்துத் துணை, அதைக் காணோமே?"

ஆதாரம் எழுந்தே நின்றுவிட்டாள். அந்த ஆந்தையை அங்கே பார்த்ததாகச் சொல்கிற, தன் வீட்டுச் சோறு சாப்பிடாத ஒரு வாய். "நீ அதுல ஏதாவது போட்டியாம்மா?"

"வேப்பம் புண்ணாக்கு பத்தின முழு தீசிஸையும் போட்டேனே. அடுத்த வாரம் சப்மிட் பண்ணணும். ஏன்க்கா?"

அவளை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள். உன்னுடையதும் இப்போது அந்தக் கடையில் இருக்கும், நீயாக முந்திக்கொண்டு போய்ச் சொல்லிவிடு, இரண்டு பேருக்கும் நல்லது, நானும் கூடவே வருகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகத்தில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொள்வது தெரிந்தது. பிஸ்கட்டைப் பையின் ஓரத்தில் சொருகினாள். கையை உருவிக்கொண்டாள்.

"இல்லக்கா. நான் எதுவும் போடல. ஃப்ரெண்டு ஒருத்தி கேட்கச் சொன்னா, அதான்."

"எந்த ஃப்ரெண்டும்மா?"

"அவளும் போடல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நுழைவாயில் தானியங்கிக் கதவு அவளுக்காகத் திறந்து, மூடிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி கட்டிலில் உட்கார்ந்து, குனிய முடியாமல், பணிக்குப் போகும் வெள்ளைச் சப்பாத்துக்குள் காலை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். ஆதாரம் கீழே உட்கார்ந்து சப்பாத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சண்டைக்குப் பிறகு இருவருக்கும் நடுவில் பேச்சு என்று பெரிதாக இல்லை. ஆனாலும் அந்தப் பெண் வந்ததை, மறுத்ததை, போனதைச் சொன்னாள்.

"விடு. அந்தப் பொண்ணாவது பாஸாகட்டும்" என்றாள் அண்ணி.

அந்தப் பெண்ணுடையதைப் போன வாரமே அந்தக் கடையில் விலைக்கு வைத்துவிட்டார்கள். விவசாயத் துறை என்று தேடி, வேப்பம் புண்ணாக்கு என்ற தலைப்பைப் பார்த்துவிட்டுத்தான் ஆதாரம் வீட்டுக்குப் புறப்பட்டிருந்தாள். அதை அவள் அண்ணியிடம் சொல்லவில்லை. மற்றொரு சப்பாத்தின் கயிற்றையும் இறுக்கிக் கட்டிவிட்டாள்.